சாக்கெட் வழியே ஒரு பெண் குழந்தை

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதற்குப் பிறகு உருப்படியாக நடந்த ஒரே காரியம், எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் ‘டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்’ அமலுக்கு வந்ததுதான்.

தத்துவம் எளிது. எந்த நிரலும் தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போகக்கூடாது. வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கையில் திணிப்பார். அது எங்கே தயாரானது என்று கேட்பது அநாகரிகம். அளவு பொருந்தினால் போதும். அசலுக்குப் பதில் போலியை வைத்தாலும் வேலை ஓடும். இதை எங்களுக்கு அருளியவர் தலைமை வடிவமைப்பாளர். நாங்கள் அவரைச் ‘சிற்பி’ என்போம்.

சிற்பி இதை நிரலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பேனா வேண்டுமென்றால் கூட எழுந்து போய் எடுக்கக்கூடாது, ‘வழங்கல் குழு’ கொண்டுவரும். குழு அமையும்வரை பேனா இல்லாமலே மேன்மையாக வாழ்ந்தோம்.

அப்போது ஒரு மருத்துவமனைக்குச் செயலி செய்து கொடுத்திருந்தோம். நோயாளியின் உறவினர் கைபேசிக்கும் எங்கள் சர்வருக்கும் இடையே ‘வெப் சாக்கெட்’ என்ற கதவு எந்நேரமும் திறந்திருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் சேதியாகத் தானே வந்து விழும். நர்ஸிடம் போய்க் கெஞ்ச வேண்டாம்.

செயலி ஓடத் தொடங்கிய அன்றுதான் என் மனைவிக்குப் பிரசவம், அதே மருத்துவமனையில். முதல் நாளாயிற்றே என்று, அவளைச் சேர்த்து, மாமியாரைத் துணைக்கு விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். எனக்குக் கை கால் ஓடவில்லை. சிற்பியிடம் லீவு கேட்டேன்.

“நீங்க போய் என்ன செய்யப் போறீங்க? பிரசவம் பாப்பீங்களா?”

“பக்கத்துல இருக்கணும் சார். வலி எடுத்துடுச்சாம்.”

“சாக்கெட் திறந்துதானே இருக்கு? சேதி உங்களைத் தேடி வரும். நாமளே தேடிப் போனா நம்ம செயலிய யாரு நம்புவாங்க? எங்கப்பாவுக்கும் இன்னிக்கு அங்கதான் கண் ஆபரேஷன். நான் பதறுறேனா?”

பதறவில்லை. அந்த நிதானத்தைக் கண்டு எனக்குப் புல்லரித்தது. ‘முதல் நாள் வெற்றி ஆய்வுக் கூட்ட’த்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னுடையதும் அவருடையதுமாக இரண்டு கைபேசியும் ஒரே சமயத்தில் ஒலித்தன. “பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.” நான் துள்ளி எழுந்தேன். சிற்பி தன் திரையை இரண்டு முறை படித்தார்.

“எங்கப்பாவுக்கா?”

கூட்டம் வழக்கம்போல் கைதட்டியது.

அடுத்து, “முழங்கால் மூட்டு மாற்றப்பட்டது.” அதுவும் இருவருக்கும். அதற்கடுத்து, “நிலைமை மோசம். உடனே வரவும்.” யாரும் கைதட்டவில்லை.

நிரல் எழுதிய பெண் மடிக்கணினியைத் துழாவிவிட்டு நிமிர்ந்தாள். “சார், ஆளுக்கொரு நோயாளியைக் கொடுத்திருக்கணும். நாம எல்லாச் சாக்கெட்டுக்கும் ஒரே நோயாளியைக் கொடுத்திருக்கோம். எந்த நோயாளியைப் பத்திச் சேதி வந்தாலும் எல்லார் போனுக்கும் போகுது. ஒண்ணே போதும், சிக்கனம்னு நீங்கதான் சார்...”

“இந்தக் கடைசிச் சேதி யாருக்கு?”

“தெரியலையே சார்.”

சிற்பி எழுந்தார். லிஃப்டுக்குக் கூடக் காத்திராமல், தன் தகப்பனைத் தானே தேடிக்கொண்டு, படிகளில் தலைதெறிக்க ஓடினார். நான் அவரையும் முந்தி ஓடினேன். அவ்வளவு பயம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

மருத்துவமனை வாசலில் ஒரே கூட்டம். அத்தனை பேருக்கும் பெண் குழந்தை, அத்தனை பேருக்கும் நிலைமை மோசம். விசாரித்ததில், கடைசிச் சேதி எங்கள் செயலியைப் பற்றியது. மருத்துவமனை மேலாளர் எங்களுக்குச் செய்த புகாரைச் செயலி வழியாகவே அனுப்பியிருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை,” என்றார் பிரசவ வார்டு வாசலில் மாமியார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “நான் ஒருத்தி எத்தனை பக்கம் ஓடுவேன்? முழங்கால்காரரோட பிள்ளையாம், போன்ல சார்ஜ் இல்லாததால இங்கயே நின்னுக்கிட்டிருந்தார். அவர்தான் மருந்தெல்லாம் வாங்கிட்டு வந்தார். நர்ஸம்மா அவரையே அப்பான்னு நெனச்சு குழந்தைய முதல்ல அவர் கையிலதான் கொடுத்தாங்க.”

சிற்பியின் தத்துவம் இவ்வளவு சுத்தமாக நிரூபணமாகி நான் கண்டதில்லை. கணவனை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அளவு பொருந்தியது. வேலையும் ஓடிவிட்டது.

மனைவி குழந்தையை அணைத்துப் படுத்திருந்தாள்.

“சாக்கெட் திறந்தேதான் இருந்துச்சு,” என்றேன். “நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

அவள் குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இந்தக் கதவும் திறந்தேதான் இருந்துச்சு. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”