வார்னருக்கு எதற்கு மூன்று நாள்?

விதிவிலக்கு மனிதர் என்று ஓர் இனம் உண்டு. சட்டத்தை மீறுகிறவர் என்று அவரைத் தவறாக எண்ணிவிடாதீர்கள். சட்டத்தின் மேல் அவருக்கிருக்கும் மதிப்பு உங்களுக்கும் எனக்கும் வராது. எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும் என்பார், பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது எல்லோரும் வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும் என்பார், எல்லோரும் தங்கள் நாயைக் கட்டிப்போட வேண்டும் என்பார். அந்த 'எல்லோரும்' என்ற சொல்லில் தன்னைச் சேர்க்க மட்டும் மறந்திருப்பார். சின்ன மறதிதான்.

அமெரிக்காவின் மலை மாநிலமான எங்கள் வெர்மான்ட்டில் இந்த இனம் மலைக்கு ஒருவராவது உண்டு. எங்கள் மலைக்கு வார்னர் கெண்ட்ரிக்.

கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் மூன்று நாள் பொறுத்துத்தான் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற சட்டம் வெறும் பேச்சாக இருந்த காலத்தில், ஊர்க்கூட்டத்தில் எழுந்து அதை ஆதரித்தவர் வார்னர். "ஆத்திரத்துல கடைக்கு ஓடுறவனை மூணு நாள் ஆறப்போட்டா அவனும் மனுசனாயிடுவான்" என்றார். நல்ல பேச்சு. அதோடு உட்கார்ந்திருக்கலாம். "உதாரணத்துக்கு நம்ம கிளைடையே எடுத்துக்குங்க" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கைகாட்டினார். கிளைட் காயெட், தன் தபால் பெட்டியை இடித்த பனி வாரும் வண்டியை மண்வெட்டியோடு துரத்திக்கொண்டு ஓடியவர். கூட்டமே சிரித்தது. கிளைட் மட்டும் சிரிக்கவில்லை.

சட்டம் வந்தது. பிறகு நவம்பரும் வந்தது.

சனிக்கிழமை விடிந்தால் மான் வேட்டை. எங்கள் வேட்டைக் குடிசையில் இரண்டு வழக்கங்கள். முதல் நாள் விடியலில் எந்த மரத்தடியில் யார் உட்காருகிறாரோ, அந்தப் பருவம் முழுக்க அந்த இடம் அவருடையது. துப்பாக்கி இல்லாமல் வருகிறவர் அடுப்படியில் நிற்க வேண்டும். ஓடைக்கு மேலே, உதிர்ந்த கொட்டைகளைத் தின்ன மான்கள் தேடி வரும் பீச் மரத்தடி பல வருடங்களாக வார்னருடையது. பல வருடங்களாகக் கிளைடின் கண்ணும் அதன்மேல்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வார்னர் நிலவறைக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்தார். ஜூலை வெள்ளத்தில் நிலவறை மூழ்கியது அவருக்குத் தெரியும். அங்கே இருந்த துப்பாக்கியும் மூழ்கியிருக்குமே என்று யோசிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. முழுக்கத் துரு. கடைக்கு ஓடினார்.

கடைக்காரி டெல்லா ஒரு புதுத் துப்பாக்கியில் அவர் பெயரெழுதிய சீட்டைக் கட்டி உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்குங்கண்ணே."

"ஞாயித்துக்கிழமையா? சனிக்கிழமை விடியக்காலம் நான் மரத்தடியில இருக்கணும்மா!"

"சட்டம்ணே. நீங்கதானே எழுந்து நின்னு கேட்டீங்க?"

"அது கோவக்காரங்களுக்கும்மா. என்னைப் பாரு. நான் கோவக்காரனா?"

"இதுவரைக்கும் இல்ல."

"இதுவரைக்கும்னா என்ன அர்த்தம்?" கண்ணாடி மேசையில் ஓங்கி ஓர் அடி. உள்ளே இருந்த கத்திகளெல்லாம் குலுங்கின. "யாரையாச்சும் சுடப்போறவன் மாதிரியா தெரியுது?"

"பதில் சொல்லியே ஆகணுமாண்ணே?"

விதிவிலக்கு மனிதர் இந்தக் கட்டத்தில் செய்வதையெல்லாம் வார்னரும் ஒன்றுவிடாமல் செய்தார். தன் வயதைச் சொன்னார், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர் தான் என்பதைச் சொன்னார், டெல்லாவின் அப்பாவும் தன் அப்பாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததைச் சொன்னார், நாடி பார்த்துக்கொள் என்று கையைக்கூட நீட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. சட்டம் நல்லதுதான், எழுதினவனுக்குத்தான் ஆள் தரம் தெரியவில்லை என்று முடித்தார்.

டெல்லாவுக்கே பாவமாகிவிட்டது. "இந்தச் சட்டம் கடைக்குத்தாண்ணே. அக்கம்பக்கத்துல இரவல் வாங்கினா ஒண்ணும் கெடையாது. கிளைட் அண்ணன் வீட்டுல ஒரு அலமாரி நிறைய வச்சிருக்காரே!"

மறுநாள் பகல் முழுவதும் வார்னர் தன் கௌரவத்தையும் பீச் மரத்தையும் மாற்றி மாற்றி எடை போட்டார். கடைசியில் மரம்தான் கனமாக இருந்தது. கிளைட் வீட்டு மேடேறினார்.

கிளைட் விறகு பிளந்துகொண்டிருந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். கோடரியைக் கீழே வைத்தார்.

"குடுக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்லய்யா. ஆனா மொகம் செவந்திருக்கே."

"மேடேறி வந்தேன், செவக்காம என்ன செய்யும்?"

"மேடா, கோவமா, எனக்கு எப்படித் தெரியும்? மூணு நாள் கழிச்சு வா, பாப்போம்."

"யோவ், நீ என்ன கடையா வச்சிருக்க? உனக்கு அந்தச் சட்டமே கெடையாதுய்யா!"

"கெடையாதுதான். ஆனா அன்னிக்கு நீ கூட்டத்துல பேசினது பாரு, மனசுல அப்படியே பதிஞ்சுபோச்சு."

சனிக்கிழமை காலையில் வார்னர் குடிசையில் பேன்கேக் சுட்டார். ஓடைப் பக்கமிருந்து ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. கரண்டி அசையாமல் நின்றது. பேன்கேக் கருகியது. பீச் மரம் கைமாறிவிட்டது.

ஆள் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? சாப்பாட்டு நேரத்தில் கருகிய பேன்கேக்கைப் பரிமாறிக்கொண்டே, சட்டத்துக்கு ஒரு திருத்தம் வேண்டும் என்று ஆரம்பித்தார். பொறுப்பானவர்கள், நிதானமானவர்கள், நிலவறையில் வெள்ளம் புகுந்தவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.

"கிளைட் வீடு மேட்டுல இருந்தும் அவர் நிலவறையிலயும்தானே தண்ணி வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்.

"சேச்சே, அவன் விஷயம் வேற" என்றார் வார்னர்.

இவ்வளவு நேரம் படித்ததில் உங்களுக்கு ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். மைத்துனரோ, மாடி வீட்டுக்காரரோ, அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரோ. இதை அவர் அவசியம் படிக்க வேண்டும் என்றும் தோன்றியிருக்கும். தாராளமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவரும் ரசித்துப் படிப்பார். படிக்கும்போது அவருக்கும் ஒரு முகம் ஞாபகம் வரும். அது யாருடையது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.