பதினொரு பேர் உடுத்த சாரன்

இந்தத் தீவில் துவக்கு வைத்திருந்த அத்தனை பேரும் சண்டை சச்சரவில்லாமல் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது கட்டவுட்டின் தலைமுடி. பாலத்தடியில் சோதனைக்கு நின்ற ஆமிக்காரன் "ஏன் இவ்வளவு முடி?" என்று கேட்டான். வாவிக்கு அக்கரையில் துவக்கோடு நின்ற இயக்கப் பொடியன்களும் அதையேதான் கேட்டார்கள். சமாதானம் பேச வெளிநாடு வெளிநாடாகப் பறந்தவர்கள் இந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு போய் நடுக் கதிரையில் இருத்திவிட்டுத் தொடங்கியிருந்தால் ஏதாவது ஒரு முடிவு வந்திருக்கும் என்று எனக்கு இப்போதும் ஓர் எண்ணம்.

கட்டவுட் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் இருந்த மீன் வியாபாரி. சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, கொடுவாவும் திரளியும் இறாலும் விற்பவர். தாய் தகப்பன் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஒரு கை இடுப்பில், மறு கையில் தராசு, ஒரு கால் முன்னால் என்று தியேட்டர் வாசலில் நிறுத்தி வைத்த கட்டவுட் மாதிரி நின்றுதான் மீன் நிறுப்பார். கறுப்புக் கண்ணாடி. காதுவரை எழும்பி நிற்கும் கொலர். கீழே வெள்ளைக் கழிசான். வெள்ளைக் கழிசான் போட்டு மீன் விற்ற வேறொருவரை நீங்கள் எங்கேயாவது கண்டிருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.

ஒரு படம் வந்து ஒரு கிழமைக்குள் அதில் கதாநாயகன் போட்ட சேட்டு எங்கள் ஒழுங்கையில் மீன் விற்கும். அது அவருடைய கட்டுப்பாடு. நானோ அங்கே கணக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தவன். கொடியில் கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள். அதனால் என்மேல் அவருக்குத் தீராத மனக்குறை.

"மாஸ்டர், இந்தச் சேட்ட நீங்க எடுத்துப் போட்டயளா, இல்ல அது தானா வந்து உங்கட மேல விழுந்ததா?" என்று ஒருநாள் பத்துப் பெண்கள் மீன் வாங்க நிற்கும்போது கேட்டார். அந்தப் பத்துப் பேரில் என் மனைவியும் ஒருத்தி. மற்றவர்களைவிட அதிகமாகச் சிரித்தவளும் அவள்தான்.

அவருக்குத் தைத்தவர் காத்தான்குடியில் ஒரு காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கடையில் தையல் மெசினுக்கு எதிரே ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும். கட்டவுட் படத்தின் சீடியைக் கொண்டுபோய்ப் போட்டு, பாட்டு வந்ததும் நிறுத்துவார். காக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய் பொக்கற்றை எண்ணுவார், தையலைப் பார்ப்பார், நாடாவால் கதாநாயகனின் தோளை அளப்பார். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். அந்தப் பாட்டில் கதாநாயகன் முதுகைக் காட்டவே இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினான், மரத்தில் ஏறினான், முதுகு மட்டும் தெரியவில்லை.

"அந்தாள ஒருக்காத் திரும்பச் செல்லு மனே. முதுகு தெரியாம நான் எப்பிடி வெட்டுற?" என்றார் காக்கா.

"முதுகு உங்கட விருப்பம் காக்கா. என்னப் பின்னால பாக்கிறவன் எனக்கு முக்கியமில்ல."

இந்தச் சேட்டுகளோடு அவர் தினமும் பாலத்தைக் கடக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். அவர் மறுக்க மாட்டார், கழற்றுவார். ஆனால் ஒரு காலை முன்னால் வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தக் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கி முடிய அரை நிமிடம் எடுக்கும். பின்னால் நிற்கும் நாங்களெல்லாம் கும்பிடாத தெய்வமில்லை. ஒருநாள் ஒரு சிப்பாய் கண்ணாடியைப் பறித்துத் தானே போட்டுப் பார்த்தான். கட்டவுட் அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முகம் வட்டம். உனக்கு இது சரிவராது" என்று சொல்லிக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார். அந்தச் சிப்பாய்க்குத் தமிழ் தெரியாதது நாங்கள் செய்த புண்ணியம்.

பிறகு கடல் வந்தது. அதை நான் இங்கே விரிக்கப்போவதில்லை. எங்கள் ஒழுங்கையில் பன்னிரண்டு வீடுகளுக்கு அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. பக்கத்து ஒழுங்கையில் அதைச் சொல்லவும் ஆட்கள் இல்லை. என்னை ஒரு வேப்பமரம் பிடித்துக்கொண்டது. இடுப்பில் இருந்த பச்சைக் கட்டம் போட்ட சாரன் முள்ளுக்கம்பியில் மாட்டி, இடது தொடைக்கு நேரே கையகலத்துக்குக் கிழிந்துபோனது. என்னிடம் மிஞ்சிய உடைமை அதுதான்.

என் மனைவி தப்பினாள். கட்டவுட்டும் அவர் மனைவி பூமணி அக்காவும் மகளும் தப்பினார்கள். வீடு, சைக்கிள், நாற்பத்தொரு சேட்டு, எல்லாம் போய்விட்டன. நாங்கள் பள்ளிக்கூடத்து முகாமில் கிடந்த நான்காம் நாள் காத்தான்குடிக் காக்கா தேடிக்கொண்டு வந்தார். அவர் ஊரிலும் சாவு. அழுதழுது கண் சிவந்திருந்தது. கையில் ஒரு பை. பொங்கலுக்கு வரவிருந்த படத்துக்காக, விளம்பரப் படத்தைப் பார்த்து முன்கூட்டியே தைத்து வைத்திருந்த இரத்தச் சிவப்புச் சேட்டும் ஒரு வெள்ளைக் கழிசானும் அதற்குள் இருந்தன.

"எல்லாம் போனாலும் நீ தந்த வேல என்ட கடையில இரிந்திச்சி மனே" என்றார் காக்கா. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அடுத்த நாளிலிருந்து முகாமில் ஒரு சிவப்புச் சேட்டு நடமாடியது. ஒரே சேட்டு. காலையில் துவைத்து, காய வைத்து, பித்தளைச் செம்புக்குள் தணல் போட்டு அதையே ஸ்திரிக்கைப் பெட்டியாக்கித் தேய்ப்பார். கஞ்சி வாங்கும் வரிசையில் இருநூறு பேரும் கசங்கி நிற்க, இவர் மட்டும் கொலரோடு நிற்பார். எனக்கு எரிச்சல்தான். செத்த வீட்டில் மாப்பிள்ளைக் கோலமா என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

வீடு கட்டிக் கொடுக்கும் ஓர் அமைப்பிலிருந்து ஒரு ஐயா வரப்போகிறார், ஆட்களைப் பார்த்துப் படம் எடுத்துத்தான் பட்டியலில் சேர்ப்பார் என்று தகவல் வந்தது. கஷ்டம் கண்ணில் தெரிய வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அங்கேதான் சிக்கல். நிவாரணத்துக்கு வந்த உடுப்பெல்லாம் வெளிநாட்டுப் பொதி. குளிர்ச் சட்டை, கோட்டு, பளபளவென்று பெண்களின் பார்ட்டிக் கவுண். முகாம் முழுக்கத் தேடியும் கிழிசலுக்குத் தட்டுப்பாடு. முறையாகக் கிழிந்து, சேறு பிடித்து, பார்த்தவுடன் நெஞ்சை உருக்கும் துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் சாரன்.

ஐயா ஒரு வகுப்பறையில் இருந்துகொண்டு ஒவ்வொரு குடும்பமாக அழைத்தார். நான் சாரனோடு முதலில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, பின்வாசலால் இறங்கி, மூங்கில் தட்டிக்குப் பின்னால் அவிழ்த்து அடுத்த ஆளிடம் கொடுத்தேன். அவர் அடுத்தவரிடம். இப்படியே அது ஒழுங்கை முழுக்கச் சுற்றியது. கணக்கு வாத்தியாரான எனக்கு அந்த ஒழுங்குமுறையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சாரன் கட்டவுட்டிடம் வந்து நின்றது. அவர் தொடவில்லை.

"ஒருக்கா உடுத்துப் போட்டு அவிழ்த்தா உங்களுக்கு என்ன குறைஞ்சா போகும்?" பூமணி அக்கா குரலை அடக்கிக் கேட்டார். "வீடு வேணுமா வேணாமா? புள்ளைய எத்தின நாளைக்கு இந்தப் பள்ளிக்கூட வாங்கில படுக்க வைக்கிற?"

"வேணும்."

"அப்ப உடுங்க."

"வீட்டத்தான் கடல் கொண்டு போன, பூமணி. என்னக் கொண்டு போகல்ல. கொண்டு போன மாதிரி அந்தாளுக்கு முன்னால போய் நடிக்க என்னால ஏலா."

சிவப்புச் சேட்டோடு உள்ளே போனார். ஐயா மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நீங்க பாதிக்கப்பட்ட ஆளா?" என்று கேட்டார். "ஓம்" என்றார் கட்டவுட். "அப்ப இந்த உடுப்பு?" என்றார் ஐயா. "அளவெடுத்துத் தைச்சது" என்றார் இவர். படிவத்தில் 'வசதியானவர்' என்று எழுதிப் பெயரை வெட்டிவிட்டார் ஐயா. அன்று முழுவதும் பூமணி அக்கா புருசனோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஐந்து கிழமைக்குப் பிறகு அந்த ஐயாவுக்குப் பதிலாக ஒரு மிஸ் வந்தார். மேசையில் பதினொரு படங்களைப் பரப்பி வைத்தார். பதினொரு குடும்பம். பதினொரு ஆண்களின் இடுப்பிலும் அதே பச்சைக் கட்டம், இடது தொடையில் அதே ஓட்டை. இரண்டு பேருக்கு அது முழங்காலுக்கு மேலே நின்றது. ஒருவர் அதை நெஞ்சுவரை கட்டியிருந்தார்.

"இது ஏமாத்து வேலை. பட்டியல் முழுக்க ரத்தாகுது" என்றார் மிஸ்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கமாட்டேன். பதினொரு வீடும் என் சாரனில் போய்விட்டது.

பின்னாலிருந்து சிவப்புச் சேட்டு எழும்பி முன்னால் வந்தது. இப்போது நக்கல் அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தாலும் தகும்.

"மிஸ், அந்தச் சாரன் பொய் சொல்லல்ல" என்றார். "இந்த மாஸ்டர் அதோடதான் மரத்தில தொங்கினவர். அது மெய்யாக் கிழிஞ்சது. இவங்கட வீடும் மெய்யாத்தான் போன. முந்தி வந்த ஐயா ஆக்களப் பாக்கல்ல, உடுப்பப் பாத்தவர். அவர் உடுப்பப் பாத்தார், இவங்க உடுப்பக் காட்டினாங்க. பிழை எங்க இரிக்கி? வாங்க, நான் அத்திவாரத்தக் காட்டுறன்."

கூட்டிக்கொண்டு போனார். மணலில் ஒவ்வொரு அத்திவாரமாக நின்று, இது யாருடைய குசினி, இது யாருடைய சாமியறை, இந்த மூலையில் யாரைக் கண்டெடுத்தோம் என்று சொன்னார். தன் வீட்டடியில், "இஞ்ச என்ட அலுமாரி" என்று மட்டும் சொன்னார். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பன்னிரண்டு பெயரையும் எழுதினார். அவருடையதும் அதில் இருந்தது.

"நாளைக்குத் திரும்பவும் படம் எடுக்கணும்" என்றார் மிஸ்.

"நாளைக்கு ஏலா மிஸ். நாலு நாள் தாங்க. தைக்கணும்."

கிடைத்த வீட்டைக் கொலருக்காகத் தொலைக்கப்போகிறார் என்று பூமணி அக்கா தலையில் கையை வைத்தார். மிஸ்ஸும், "மேல இருக்கிறவங்க என்னைக் கேள்வி கேப்பாங்க" என்றார்.

"கேக்கட்டும். வீடு இல்லாதவன் நிமிர்ந்து நிக்கக் கூடாதா எண்டு நான் கேட்டதாச் சொல்லுங்க."

மிஸ் சிரித்துவிட்டார். நான்கு நாள் கிடைத்தது. காக்கா கை மெசினோடு முகாமுக்கு வந்து இறங்கினார். குளிர்க் கோட்டெல்லாம் கையில்லாத சட்டையானது. பார்ட்டிக் கவுண்கள் பிள்ளைகளுக்குப் பாவாடையாயின. என் சாரனையும் கட்டவுட் கேட்டு வாங்கினார். நான்காம் நாள் அது ஒரு சேட்டாகத் திரும்பி வந்தது. காதுவரை கொலர். ஓட்டை இருந்த இடத்தை வெட்டி எடுத்து, அங்கே ஒரு பொக்கற்.

"முதுகு காக்காட விருப்பம்" என்றார்.

பன்னிரண்டு குடும்பமும் அவரவர் அத்திவாரத்தில் ஏறி நின்று படம் எடுத்தோம். ஒரு கை இடுப்பில், ஒரு கால் முன்னால். எங்களைச் சுற்றி ஒரு சுவர் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். அந்தக் கடலை அப்படிப் பழிவாங்கிய சந்தோசம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

வீடு உடனே வரவில்லை. சண்டை திரும்பத் தொடங்கியது. சீமெந்துக்குத் தடை, பாதைக்குத் தடை. சுவர் இடுப்பளவில் நின்றே வருடங்கள் போயின. சண்டை முடிந்த வருடம்தான் பூட்டும் திறப்பும் கைக்கு வந்தது. படத்தில் நின்ற எல்லோரும் அதை வாங்க இருக்கவில்லை. கடைசி வீட்டு இளைஞன் ஒருநாள் சந்தைக்குப் போனவன், வரவில்லை. அந்தப் படத்திலிருந்து அவனை மட்டும் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு அவன் தாய் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறாள். "இப்பிடித்தான் இரிப்பான் என்ட புள்ள" என்று, அந்தக் கொலரைக் காட்டிக் கேட்கிறாள். அவளும் எங்கேயும் குனிந்து நின்றதில்லை.

கட்டவுட் இன்னும் மீன் விற்கிறார். முடி நரைத்துவிட்டது, நீளம் குறையவில்லை. சிவப்புச் சேட்டுக்கு மூன்றாவது கொலர் நடக்கிறது. தினமும் எங்கள் வீட்டு வாசற் கடப்படியில் நின்று மணி அடிப்பார். நான் கொடியில் கிடப்பதை விட்டுவிட்டு, தேய்த்து மடித்த சேட்டாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டு போவேன். மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்ப்பார். கையை நீட்டி என் கொலரைத் தூக்கிவிட்டு, "இப்ப சரி மாஸ்டர்" என்பார். பிறகு அரைக் கிலோ நிறுப்பார்.

கடல் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை; வாங்கியது பக்கத்து வீட்டுக்குப் போகும். அது அவருக்கும் தெரியும்.