தராசண்ணனும் ஒரு சட்னி ஜாரும்

தராசண்ணனைப் போல மரியாதையாகச் சண்டை போடும் ஆள் திருப்பூர் ஜில்லாவிலேயே இன்னொருவர் கிடையாது. அவரிடம் திட்டு வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் பேக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜ். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிகளைத் தராசில் ஏற்றி, துணி மட்டும் என்றால் நெட், பெட்டியோடு சேர்த்தால் கிராஸ் என்று எழுதி எழுதி, உலகத்தையே அப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கல்யாண வீட்டில் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தால், வாங்கின கையை லேசாக ஏற்றி இறக்குவார். "பாக்ஸுதான் கனம் கண்ணு, லட்டு கம்மி" என்று என் காதில் சொல்வார். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்திலேயே நிற்பார்.

இப்பேர்ப்பட்டவர் கையில் ஏல ஆப் கிடைத்தால் என்ன ஆகும்? பழைய ரேடியோ சாமான்கள் மேல் அவருக்கு ஆசை. அந்த ஆப்பில் பொருளை ஒன்பது ரூபாயில் ஏலம் விடுவார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நாம் துள்ளும்போது, ஷிப்பிங் சார்ஜ் என்று ஒரு தொகை கீழே சிரித்துக்கொண்டு நிற்கும். நானாக இருந்தால் முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுவேன். அண்ணனுக்கோ அது பேக்கிங் தொழிலுக்கே நடந்த அவமரியாதை.

ஒருமுறை அவிநாசிபாளையத்துக்காரர் ஒருவர் ரேடியோவின் குமிழ் ஒன்றுக்குக் கேட்ட ஷிப்பிங்கைப் பார்த்து அண்ணனுக்கு அன்று டீ இறங்கவில்லை. அதே அளவில் ஒரு குமிழைத் தேடிப் பிடித்து, கச்சிதமாகக் கட்டி, தராசில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, இதவிட என்ற சுண்டுவெரலு கனமுங்க. நீங்க கேக்கற காசுக்கு அந்தக் குமிழுக்கொரு பஸ் டிக்கெட்டெடுத்து சன்னலோரமா உக்கார வெச்சே அனுப்பலாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." அந்தத் தம்பி உடனே பிளாக் செய்துவிட்டார். அண்ணனைப் பிளாக் செய்யாத விற்பனையாளர்கள் வரவர அருகிக்கொண்டே வந்தார்கள்.

வினை வேறொரு சண்டையில் வந்தது. பழைய பிளாஸ்க் ஒன்றுக்கு அநியாய ஷிப்பிங். பிளாஸ்க்கின் எடையைக் காட்ட, ஏறக்குறைய அதே உயரம் என்று வீட்டுச் சட்னி ஜாரைச் சொல்லாமல் கொள்ளாமல் கம்பெனிக்கு எடுத்து வந்துவிட்டார். தராசில் வைத்து, போட்டோவுக்காகப் பின்னால் நகர்ந்தார். ஜார் உருண்டு விழுந்து வாயிலிருந்து அடிவரை விரிசல் விட்டுவிட்டது.

அது தராசண்ணனின் மனைவி சரசக்காவுக்கு அவருடைய கூடப்பிறந்த அண்ணன் சீராகக் கொடுத்த மிக்சியின் ஜார். மிக்சியைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். புது மிக்சி வாங்கலாம் என்று தராசண்ணன் வாயெடுத்தார். அக்கா கோபப்படவில்லை. "அந்த ஜாரு வரட்டுங்க. அதுக்கப்பறம் சட்னி பாக்கலாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணனின் டிபன் பாக்ஸில் இட்லியும் பொடியும்தான். வீட்டில் பேச்சும் பொடி மாதிரியே வறண்டுவிட்டதாகக் கேள்வி.

தேடித் தேடி ஆப்பில் அதே ஜார் ஒன்றே ஒன்று அகப்பட்டது. விற்பவரின் ஊர் கொமரலிங்கம். அண்ணன் ஏலம் கேட்டு ஜெயித்தார். கீழே பார்த்தால், ஜார் விலையைப் போலப் பல மடங்கு ஷிப்பிங். கட்டித் தொலையுங்கள் என்று செக்‌ஷனே கெஞ்சியது. அவர் கேட்கவில்லை. நேரில் வந்து எடுத்துக்கொள்வதாக மெசேஜ் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என் பைக்கின் பின்னால் ஏறினார். கையில் கம்பெனித் தராசு. முதலாளியிடம் கேட்டு வாங்கியது. உண்மை எடையை அவர்கள் முகத்துக்கு நேராகவே காட்டப் போகிறாராம்.

பெட்ரோலே அந்த ஷிப்பிங்கைத் தாண்டிவிடும் என்று பல்லடத்தில் சொல்லிப் பார்த்தேன்.

"பெட்ரோலு என்ற செலவு கண்ணு. அது அவங்க அடிக்கற கொள்ளை."

என் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை.

கொமரலிங்கத்தில் கதவைத் திறந்தது ஒரு நடுவயதுப் பெண். மிக்சி ரிப்பேர் கடை வைத்திருந்த கணவர் இறந்துபோக, மீந்த சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருக்கிறார். நாங்கள் வருவோமோ மாட்டோமோ என்று ஜாரைப் பார்சலாகவே கட்டி வைத்திருந்தார். பார்சல் என்றா சொன்னேன்? டிவி வந்த பெட்டி. அதற்கு மேல் சாக்கு. சாக்கின் வாயைக் கோணி ஊசியால் தைத்திருந்தார்.

"உள்ள என்னங்க அம்மிணி வெச்சிருக்கீங்க?" என்றார் அண்ணன்.

"ரெண்டு தலகாணிங்ணா. அப்பறம் பழைய சீலை. போன தடவ அனுப்புன ஜாரு ஒடஞ்சு போயி, அவங்க கண்டபடி பேசீட்டாங்க. மறுக்கா அப்புடி ஆவக்கூடாதுங்களே."

அண்ணன் தராசைத் தரையில் வைத்து மூட்டையை அதன்மேல் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். குனிந்து இன்னொருமுறை பார்த்தார். கொரியர் ரேட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த எடைக்கு அந்தப் பெண் கேட்டது குறைவு. கைக்காசு போட்டு அனுப்பியிருப்பார். ஒரு சட்னி ஜாரைத் தலையணைகளுக்கு நடுவே தூங்க வைக்க முடியும் என்பது மட்டும்தான் அண்ணனின் கணக்கில் விட்டுப்போயிருந்தது.

முழு ஷிப்பிங்கையும் எடுத்து நீட்டினார். கையிலேயே கொண்டுபோகிறவருக்கு எதற்கு ஷிப்பிங் என்று அந்தப் பெண் வாங்க மறுத்தார். "கட்டுன கைக்குங்க அம்மிணி" என்று திண்ணை மேல் வைத்துவிட்டார். பிறகு, மீதி இருந்த சாமான்களையெல்லாம் உட்கார்ந்து சின்னச் சின்னப் பெட்டிகளில் கட்டினார். எனக்கு டேப் ஒட்டும் வேலை.

கிளம்பும்போது மூட்டையைப் பிரித்து ஜாரை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்றேன். ஒருவர் கட்டிய பேக்கிங்கை நடுவழியில் பிரிப்பது தொழில் தர்மம் இல்லையாம். எனக்கும் அவருக்கும் நடுவே அந்த மூட்டை உட்கார, பெட்ரோல் டேங்க் மேல் ஏறிப் படுத்தபடி திருப்பூர் வரை ஓட்டி வந்தேன்.

சரசக்கா தையலைப் பிரித்தார். சேலை வந்தது, தலையணை வந்தது, இன்னொரு தலையணை வந்தது. கடைசியில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஜார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஷிப்பிங் எவ்வளவு என்று கேட்டார்.

"நாயமான ரேட்டுத்தான் சரசு" என்றார் தராசண்ணன்.

உள்ளே மிக்சி ஓடத் தொடங்கியது. அந்த இரைச்சலை அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் தோசை கிடைத்தது, தேங்காய்ச் சட்னியோடு. அடுத்த ஞாயிறு தலையணைகளைத் திருப்பிக் கொடுக்க மறுபடி கொமரலிங்கம் போனோம். கொரியரில் போட மனிதருக்கு மனசு வரவில்லை.

இப்போது நான் வேறு ஊர், வேறு கம்பெனி. வீடு மாற்றும்போதெல்லாம் சாமான் கட்ட ஆட்கள் வருகிறார்கள், டேப்பைச் சுற்றுகிறார்கள், போகிறார்கள். எனக்கென்னவோ, என்றைக்காவது என்னையே கட்டி எங்கேயாவது அனுப்ப வேண்டி வந்தால், தராசண்ணன் வந்து கட்டினால் தேவலை என்று இருக்கிறது. ஷிப்பிங் அவர் சொல்வதுதான்.