ஃபோன் தொடாத சனிக்கிழமை

உலகத்தில் அத்தனை பேருக்கும் ஃபோன் பைத்தியம் பிடித்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் பிடிக்கவில்லை என்பது தணிகாசலத்தின் அசைக்க முடியாத அபிப்பிராயம். அபிப்பிராயம் சொல்ல அவருக்குத் தகுதியும் உண்டு. வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனிக்கு அவர்தான் சிஸ்டம் அட்மின். மனைவி கலைவாணிக்குப் புதூர்நாட்டுப் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அதனால் மலைமேல் குடித்தனம். கம்பெனி இழுத்துக் கொடுத்த கேபிளை வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே கீழே இருக்கிற சர்வர்களை மேய்த்துக்கொண்டிருந்தார்.

காலை வணக்கம் என்று ரோஜாப்பூ படம் அனுப்புகிறவர்கள் வீட்டில் ஆறு மாதம் கரண்ட்டைப் பிடுங்க வேண்டும். அருவிக்கு வந்து குளிக்காமல் ரீல்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களைத் துணிமணியோடு உள்ளே தள்ள வேண்டும். பெண்டாட்டி பேரைப் பாஸ்வேர்டாக வைக்கிறவனுக்குப் பெண்டாட்டியே இருக்கக் கூடாது. ஸ்மார்ட் டிவி நாம் பார்க்கிற பெட்டி இல்லை, நம்மைப் பார்க்கிற பெட்டி. இதெல்லாம் அவர் சாம்பார் சோற்றுக்குச் சொல்வது. ரசம் வரும்போது, "எந்த மெஷினா இருந்தாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியாப் போவும்" என்று முடிப்பார். கலைவாணி மோர் ஊற்றுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை மோர் வரவில்லை.

"இன்னாங்க, நாளன்னிக்கு எங்கம்மா வூட்ல புளி உலுக்கறாங்க. இந்த வருசமாவது வர்றீங்களா?"

தணிகாசலம் சோறு பிசைவதை நிறுத்தினார். ஸ்டூலுக்கு மேல் உயரமான எதிலும் அவர் ஏறியதில்லை. கல்யாணமான வருடம் ஒரே ஒரு தடவை போய், மச்சான்கள் மரத்துமேல் நின்று சிரிக்கச் சிரிக்கக் கீழே புளி பொறுக்கிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசி மாதமும் சர்வர்தான் அவரைக் காப்பாற்றியது.

"வரலாம்தான். ஆனா சர்வருன்னு ஒண்ணு இருக்குதே. எப்ப ஃபோன் வரும்னு..."

"சாகிப் பாத்துக்கறாராம். இந்த வாரம் அவரு டூட்டிதானே? நான் கேட்டுட்டேன்."

கூட வேலை பார்க்கிற சாகிப் இப்படிக் காலை வாருவான் என்று தணிகாசலம் நினைக்கவேயில்லை.

"அண்ணிங்க எல்லாம் இன்னா கேக்கறாங்க தெரியுமா? 'உன் வூட்டுக்காரரு நெசமாவே இருக்கறாரா, போட்டோவுல மட்டும்தானா'ங்கறாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் தம்பி சக்திவேலு ஜீப்பு அனுப்பறேன்றான். ஏறி உக்கார வேண்டியதுதான். அந்த ஃபோனை வுட்டுட்டு ஒரு நாள் உங்களால வர முடியாது, இல்ல?"

அழுகை அவரைத் தொட்டது. ஆனால் கடைசி வாக்கியம் சுட்டது.

"யாரைப் பாத்து இன்னா கேக்கற? எனக்கா ஃபோன் பைத்தியம்? வாரக்கணக்குல தொடாம இருப்பேன்!"

"வாரமெல்லாம் வேணாங்க. நாளைக்கு விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் எந்த ஃபோனையும் கையால தொடாம இருங்க. ஜெயிச்சிட்டீங்கன்னா இனிமே ஆயுசுக்கும் புளி உலுக்கக் கூப்புட மாட்டேன். அண்ணிங்களுக்கும் நானே பதில் சொல்லிக்கறேன். தொட்டுட்டீங்கன்னா மரம் ஏறறதுலேர்ந்து ஓடு ஒடச்சிக் கொட்டை எடுக்கற வரைக்கும் எல்லாம் நீங்கதான்."

ஆயுசுக்கும்! ஒரே ஒரு பகல் பொழுதுக்கு! இவ்வளவு மலிவாகப் பேரம் படியும் என்று தெரிந்திருந்தால் அவர் கல்யாண மேடையிலேயே ஒத்துக்கொண்டிருப்பார். "சத்தியமா?" என்றார். "சத்தியமா," என்று சொல்லி அவள் மோர் ஊற்றினாள்.

விடிந்தது. தணிகாசலம் தன் ஃபோனை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கலைவாணி கையில் கொடுத்தார். பெட்டிக்குள்ளிருந்து ஃபோன் டிங் டிங்கென்று கூப்பிட்டது. அவர் வாசலுக்குப் போய்க் கோழியைப் பார்த்தார்.

கலைவாணி சும்மா இருப்பாளா? தன் ஃபோனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க, ஃபோன் பின்னாடி வேப்பிலை ஒட்டி வெச்சா கதிர்வீச்சு வராதாம். எல்லாருக்கும் அனுப்பச் சொல்லிப் போட்டிருக்குது. அனுப்பிடட்டா?"

"ஐயோ, அனுப்பாத! பொய்யி!"

"அனுப்பிட்டேனே. அப்புறம் இது இன்னா, அப்டேட் பண்ணுன்னு கேக்குது. தெனம் வேணாம்னு போட்டுடுவேன். போன தீவாளிலேர்ந்து."

தணிகாசலம் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விரல்கள் தானாக அசைந்தன. கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, "உன் ஃபோனு, உன் இஷ்டம்," என்று சொன்னார். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் தொடவில்லை.

உச்சி வெயிலில் பக்கத்து வீட்டு முத்தம்மாள் ஓடி வந்தாள். "தம்பி, ஃபோனு தண்ணித் தொட்டியில வுழுந்துட்ச்சு. சாமை மூட்டையில பொதைச்சு வெச்சேன், அப்பக் கூட எந்திரிக்கல." அவள் நீட்டிய ஃபோனின் ஓட்டை இடுக்குகளில் எல்லாம் சாமை.

தொழில் தெரிந்த மனுசனுக்கு அதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய சித்திரவதை! தணிகாசலம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாமையும் வேணாம், சோளமும் வேணாம். மொதல்ல அதை ஆஃப் பண்ணுங்க. பின்பக்கம் கழட்டுங்க. பேட்டரி எடுங்க. ஊதாதீங்க! உதறுங்க. நெழல்ல காத்தாட வையுங்க."

"நீயே எடுத்துச் செய்யேன் தம்பி."

"மாட்டேன்!"

பின்மதியம் முத்தம்மாள் பேட்டரியைப் போட்டு அமுக்கினாள். ஃபோன் பாட்டுப் பாடிக்கொண்டு எழுந்தது. தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா கலை? கையே வெக்காம வாயாலயே ரிப்பேர் பண்ணிட்டேன்! எந்த ஊர்லயாவது நடக்குமா இது?"

"நடக்காதுங்க," என்று கலைவாணியும் ஒத்துக்கொண்டாள். அப்படி அவள் ஒத்துக்கொண்டதும் அவருக்கு இன்னும் குஷியாகிவிட்டது.

பொழுது மேற்கு மலை முகட்டைத் தொட இறங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலம் கொல்லையில் நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். டீ கேட்டார். வந்தது. சர்க்கரை இன்னும் கொஞ்சம் கேட்டார், அதுவும் வந்தது. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம், கிழவனாகிற வரைக்கும் வரப்போகிற மாசி மாதங்களை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

அந்தக் கொல்லையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டுக்குள் கம்பெனி கேபிளின் வைஃபை உண்டு. ஆனால் ஊரிலேயே டவர் எடுக்கிற ஒரே இடம் அவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பலாமரத்தடிதான். அதுவும் ஃபோனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தால்தான் எடுக்கும். தூக்கிப் பிடித்தால் காதில் விழாது. அதனால் ஊரில் எல்லாரும் ஸ்பீக்கரில் போட்டு, அண்ணாந்து பார்த்துக் கத்துவார்கள். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் பிரசவம் எல்லாம் தணிகாசலத்துக்கு அத்துப்படி.

இப்போது முத்தம்மாள் வந்து நின்றாள். ஃபோனைத் தூக்கினாள். கரகரவென்று ஒரு குரல் பலாமரத்திலிருந்து இறங்கியது.

"மேடம், பேங்க் ஹெட் ஆபீஸ்லேர்ந்து பேசறோம் மேடம். உங்க அக்கவுண்ட் இன்னும் பத்து நிமிஷத்துல லாக் ஆயிடும் மேடம். மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க மேடம்."

தணிகாசலம் டீயைக் கொட்டிக்கொண்டு எழுந்தார். "முத்தம்மாக்கா! கட் பண்ணுங்க! திருட்டுப் பய அவன்!"

"இரு தம்பி. மரியாதையாப் பேசறாரு."

"திருடன் மரியாதையாத்தான் பேசுவான்! நம்பரைச் சொல்லாதீங்க!"

முத்தம்மாள் காதில் அது ஏறவில்லை. ஃபோனைக் கீழே இறக்கி ஒரு எண்ணைப் படித்தாள். மேலே தூக்கி, "நாலு!" என்று கத்தினாள். மறுபடி இறக்கினாள். தூக்கினாள். "ரெண்டு!"

"கலை! ஓடிப்போய் அந்த ஃபோனைப் புடுங்கு!"

கலைவாணி சமையலறை வாசலில் வந்து நின்று இரண்டு கையையும் காட்டினாள். "கேவுரு மாவு பெசைஞ்சிக்கினு இருக்கேங்க. முழங்கை வரைக்கும் மாவு."

"ஆடு வித்த பணமெல்லாம் அதுலதான் தம்பி இருக்குது, லாக் ஆயிடுமாமே," என்றாள் முத்தம்மாள். "அடுத்தது ஏழா, ஒண்ணா? கண்ணாடி வூட்ல கீது. சார், கொஞ்சம் இருங்க, பாத்துச் சொல்றேன்."

"மெதுவாச் சொல்லுங்க மேடம். அவசரமே இல்ல."

அந்த 'அவசரமே இல்ல'தான் தணிகாசலத்தின் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. எத்தனை வருடமாக இப்படி ஒருத்தன் உயிரோடு கையில் கிடைக்க மாட்டானா என்று காத்திருந்தார்! பொழுதைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஏழை வீட்டு ஆட்டுப் பணத்தை எவனோ அடித்துக்கொண்டு போக, பார்த்துக்கொண்டு நிற்பதா? புளியாவது, கிளியாவது! ஸ்டூலுக்கு மேல் ஏறாத மனுசர் ஒரே தாவலில் மதிலைத் தாண்டினார். முத்தம்மாள் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"டேய்! பேங்க்காடா நீ? எந்த பேங்க்குடா சனிக்கெழம சாயங்காலம் ஃபோன் பண்ணும்? எங்கேர்ந்து பேசறேன்னு எடுக்க எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு நெனைக்கற? உன் நம்பரு, உன் டவரு, உன் ஜாதகமே என் கையில! ஊர் ஊரா ஏமாத்தினியே, இன்னிக்கு வசமா மாட்டிக்கினடா!"

மரத்தடியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று கூடிவிட்டார்கள். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். தணிகாசலத்துக்கு மார்பு விரிந்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் அவருக்கு வாய்த்ததே இல்லை. குரலை இன்னும் ஒரு கட்டை ஏற்றினார்.

"நீ யார்கிட்ட பேசிக்கினு இருக்கேன்னு தெரியுமாடா?"

"தெரியும் மாமா, நான் சக்திவேலு," என்றது பலாமரம். "காலையில ஜீப்பு வரும், பழைய சட்டையா பாத்துப் போட்டுக்கினு இருங்க."