செத்துட்டு வாரேன்

“…பாலைக் காய்ச்சி வைங்க அண்ணாச்சி, செத்த நேரத்துல செத்துட்டு வந்துருதேன்!”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் என் வேனில் ஏறுவார் ‘வியாழக்கிழமை சுபேதார்’. ஆண்டாள் கோயில் தேரடியிலிருந்து ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் வரை, இவரளவுக்குச் செத்தவர் யாரும் கிடையாது. வியாழன் தவறாமல் செத்தார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால், அதே நாளில் மறுபடியும் செத்தார்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நர்சிங் காலேஜுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வார்டில் முதல் சாவைப் பார்த்ததும் மயங்கி விழுகிற பிள்ளைகளுக்காக அங்கே ஒரு வகுப்பு உண்டு. சாகப்போகிறவர் பக்கத்தில் எப்படி உட்காருவது, என்ன பேசுவது, உயிர் போன பிறகு என்ன செய்வது என்று பழக்குவார்கள். முதலில் ஒரு ரப்பர் பொம்மையைத்தான் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். பட்டாளத்திலிருந்து ரிட்டயராகிச் சுந்தரபாண்டியத்தில் இருந்த சுபேதார், காலேஜில் நடந்த பிரஷர் பார்க்கிற முகாமுக்கு வந்த இடத்தில் அந்தப் பொம்மையைப் பார்த்தார்.

“இது எப்பமோ செத்துப்போச்சு. இதுகிட்ட என்னத்தப் படிக்க? சாகுத ஆளு வேணும்ல?” என்றவர், பொம்மையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தானே ஏறிப் படுத்துக்கொண்டார். அன்று தொடங்கிய சாவு.

ஒருநாள், டீக்கடையில் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியூர்க்காரர் ஒருவர் வேனை மறித்துவிட்டார்.

“ஐயா, எறங்குங்க. எம்புட்டுக் கஷ்டம்னாலும் பேசித் தீத்துக்கிடலாம். பிள்ளைக சோறு போடலையா?”

“அதெல்லாம் போடுதாகய்யா. விடும், லேட்டாப் போனா டீச்சரம்மா வையும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “ஏப்பா, தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போறியா?”

“வாரா வாரம்ணே” என்றேன். எமனுடைய எருமையை ஓட்டுகிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

சுபேதாருடைய சாவுக்குக் கூலி கிடையாது. கடைசி ஆசை மட்டும் உண்டு. அது எப்போதும் பால்கோவாதான்.

“உங்களுக்குச் சுகர் இருக்கே ஐயா” என்பார் டீச்சரம்மா.

“சாகப்போறவனுக்கு எதுக்கு டீச்சரம்மா சுகர் பாக்கீக?”

டீச்சரம்மா ஒரு விள்ளல் கிள்ளி நீட்டுவார்.

ஒரு சொல்லை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. எந்தப் பிள்ளையாவது, “கவலப்படாதீங்க தாத்தா, எல்லாம் சரியாயிரும்” என்றால் போதும், பாதி செத்தவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். “ஏட்டி, மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கேன், எங்கிட்டச் சரியாயிரும்ங்கே! அப்படிச் சொன்னா சாகுதவன் வாயை மூடிக்கிடுவான். பேச நெனச்சதெல்லாம் உள்ளயே நின்னுரும். ‘இங்கனதான் இருக்கேன்’னு சொல்லு. போதும். நானும் நிம்மதியாப் போவேன்.”

இவ்வளவு தேர்ந்த பிணத்துக்கு ஒரே ஒரு குறை. உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு தாங்காது. கண்ணை மூடிவிட்டு, காலை நேராக்கி, இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டப் போனால், பிணம் ‘கெக்கெக்கே’ என்று நெளியும். ஒரு வியாழன்கூட அவர் முழுசாகச் செத்ததில்லை.

அந்த வருஷம் கூமாப்பட்டியிலிருந்து பேச்சி என்று ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு படிக்க வந்தவள். ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, அப்படிக் கை. ஆனால் சுபேதார் மூச்சை இழுக்கத் தொடங்கினால் வராந்தாவுக்கு ஓடிவிடுவாள். வார்டில் நிஜமாகவே ஒருவர் சாகக்கிடந்தபோதும் ஓடினாள். டீச்சரம்மா, சுபேதார் காதுபடவே, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “அடுத்த வியாழனும் ஓடுனா, பெட்டியக் கட்டு.”

அந்த வியாழன் வேனில் சுபேதார் வாயே திறக்கவில்லை. கட்டிலில் படுத்த பிறகும் பால்கோவா கேட்கவில்லை. கையைக் காலை உதறவில்லை. பேச்சி பக்கத்தில் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னார்: “பயமா இருக்குட்டி.”

“எனக்குந்தான் தாத்தா” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இங்கனதான் இருக்கேன்.”

அவர் கண் மூடியது. அவள் ஓடவில்லை. இமையைத் தடவி விட்டாள். காலை நேராக்கினாள். உள்ளங்காலில் அவள் கை பட்டபோது, எல்லாப் பிள்ளைகளும் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாசலில் நின்ற நானும்தான். பிணம் அசையவில்லை. விரலைக் கட்டியபோதும் அசையவில்லை. பேச்சி மறுபடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முடிஞ்சது பேச்சி, பாஸ். எந்திரி.”

“செத்த நேரம் இருக்கேன் மிஸ். தாத்தா தனியாக் கெடக்காக.”

பிணத்தின் கடைக்கண்ணில் தண்ணீர் இறங்கியது.

திரும்பும்போது, வேன் ஊரைத் தாண்டியதுதான் தாமதம், அடக்கி வைத்த கிச்சுக்கிச்சு மொத்தத்தையும் சிரித்துத் தீர்த்தார்.

“என்ன சுபேதாரே, செத்துட்டு வந்தாச்சா?” என்று டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டினார். சுபேதார் அதைக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கி, ஒரு விள்ளல்கூட வாயில் போடாமல், வேனில் மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

“ஏலே, வண்டியத் திருப்பு. பிள்ள ஹாஸ்டல்ல இருக்கும்.”