ஒரு அங்குலம்கூட விடாமல்

"சைக்கிளைத் தூக்கி வண்டியில போடுங்க சார். அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கி விட்டுருவாங்க."

சாலையின் நடுவில் 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற டோரீன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். ராய்ஸ் ஹாட்லியும் மூன்றாவது தடவையாகத் தலையை ஆட்டினார்.

"ஏற மாட்டேன்."

"மூணு மைலுக்குப் பழைய தாரைச் சுரண்டிப் போட்டிருக்கோம். ஒரு பக்கம்தான் போக வழி. எங்க வண்டி முன்னாடி வழி காட்டிட்டுப் போகும், மத்தவங்க பின்னாடியே போகணும். நடுவுல நீங்க சைக்கிளை உருட்டிக்கிட்டுப் போனா, பின்னாடி வர்ற கோதுமை லாரிக்காரன் உங்களையும் சேத்துத் தார்ல ஒட்டிட்டுப் போயிருவான்."

"அம்மா, நான் கிழக்குக் கோடியில வர்ஜீனியா கடல்ல பின்சக்கரத்தை நனைச்சுட்டுக் கிளம்பினவன். மேற்குக் கோடியில ஆரிகன் கடல்ல முன்சக்கரத்தை நனைக்கிற வரைக்கும் ஒரு அங்குலம்கூட இன்னொரு வண்டியில ஏற மாட்டேன்."

"கடல் அங்கயேதான் சார் இருக்கும். எங்க வண்டிதான் நிக்காது."

நெடுந்தூரச் சைக்கிள்காரர்களில் இரண்டு ரகம் உண்டு. மழை வந்தால், மலை வந்தால், மனசு சோர்ந்தால், கட்டைவிரலை நீட்டி எந்த வண்டியிலாவது தொற்றிக்கொள்பவர்கள் ஒரு ரகம். ஒரு அங்குலம்கூட விடாமல் மிதிப்பவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தோடு சாப்பாட்டுக் கடையில் ஒரே மேசையில் உட்காராமல் இருப்பது காதுக்கு நல்லது. ராய்ஸ் இரண்டாவது ரகம். மிசௌரியில் பல்வலி வந்தபோது, விடுதிக்காரர் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியும் ஏறாமல், வீங்கின கன்னத்தோடு பல் மருத்துவரிடம் மிதித்தே போய், பல்லைப் பிடுங்கிக்கொண்டு மிதித்தே திரும்பியவர்.

இந்தத் தடவை வீம்போடு பந்தயமும் சேர்ந்திருந்தது. அவர் மனைவி மார்லீனுக்கு ஒஹையோவின் குளிர் போதும் போதும் என்றாகியிருந்தது. வீட்டை விற்றுவிட்டு, அரிசோனாவில் இருக்கும் தங்கை கோனியின் பக்கத்திலேயே போய்விடலாம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீடு போனால் அதோடு ஒட்டின பட்டறையும் போகும். பழைய சைக்கிள்களும், சுவரில் வரிசையாக மாட்டின திருகுசாவிகளுமாக ராய்ஸின் உலகமே அதற்குள்தான் இருந்தது.

"என்கூடச் சைக்கிள்ல வா," என்று அவர் போன குளிர்காலத்தில் சொன்னார். "யார் முதல்ல வண்டியில ஏறறாங்களோ அவங்க தோத்தாங்க. நீ ஜெயிச்சா அரிசோனா. நான் ஜெயிச்சா இந்தப் பேச்சை அதோட விட்டுரணும்."

சைக்கிளில் போய் பால் வாங்கி வருவதைத் தாண்டி ஒன்றும் செய்யாதவள், முதல் மலையிலேயே மூட்டையைக் கட்டிவிடுவாள் என்பது அவர் கணக்கு.

அவள் கட்டவில்லை. அப்பலாச்சிய மலைகளை எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஏறினாள். இப்போது கான்சாஸே வந்தாகிவிட்டது. ராய்ஸுக்குக் கனவில் அரிசோனாப் பாலைவனத்துக் கள்ளிச்செடி வர ஆரம்பித்திருந்தது.

அந்த மார்லீன் இப்போது சாலையோரம் உட்கார்ந்து, ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வேற வழியே இல்லையா?" என்று டோரீனிடம் கேட்டார் ராய்ஸ்.

"தெற்கால போனா ஒரு மண்ரோடு வரும், அது மேற்கால போகும். ஆனா நேத்து மழை. எங்க ஊர் மண்ணைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"நான் கென்டக்கி நாய்ங்களையே சமாளிச்சவன்மா."

"நான் நாயைச் சொல்லலை சார். மண்ணைச் சொல்றேன்."

ராய்ஸ் தலைக்கவசத்தை மாட்டினார். "கிளம்பு மார்லீன்."

"நான் வரலை. கால் வலிக்குது. நீ போ, நான் கொஞ்சம் உக்காந்து யோசிக்கிறேன்."

யோசிக்கிறாளாம்! ராய்ஸின் நெஞ்சுக்குள் பட்டாசு வெடித்தது. முகத்தில் மட்டும் கவலையைப் பூசிக்கொண்டார்.

"முடியலைன்னா பேசாம வண்டியில ஏறிக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"உன் நல்ல மனசு யாருக்கு வரும்!" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தாள் மார்லீன்.

தெற்கே கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு இருந்தது. அதில் ஏறித் திரும்பிப் பார்த்தார். வழிகாட்டும் வண்டி வந்து நின்றிருந்தது. டோரீனும் வண்டிக்காரனும் மஞ்சளாக எதையோ தூக்கி அதன் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மார்லீனின் சைக்கிள் மஞ்சள், பைகள் மஞ்சள், மழைச்சட்டைகூட மஞ்சள். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேற்கே போனது.

"ஏறிட்டா!" என்று ராய்ஸ் கத்திய கத்தலில், வேலிக்கு உள்ளே மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் நிமிர்ந்து பார்த்தன.

உடனே திரும்பிப்போய் அடுத்த நடையில் அவரும் ஏறியிருக்கலாம். ஆனால் அவள் தோற்றால் மட்டும் அவருக்குப் போதாது. தான் தோற்காமல் போய் அவள் முன்னால் நிற்கவும் வேண்டும். அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே மண்ரோட்டில் திரும்பினார்.

மண்ரோடு முதல் கால் மைலுக்கு யோக்கியமாக இருந்தது. அப்புறம் சக்கரம் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் கெட்டியாக அப்பியிருந்தது. குச்சியால் சுரண்டினார். நாலு மிதி மிதித்தார். மறுபடியும் நின்றது.

மட்கார்டு இருந்தால்தானே அடைக்கும் என்று இரண்டையும் கழற்றிப் பின்னால் கட்டினார். சக்கரம் சுற்றியது. அதோடு சேறும் சுற்றி வந்து அவர் முதுகிலும் மூக்குக்கண்ணாடியிலும் அடித்தது. கண்ணாடியைத் துடைக்கப் போய், கண்ணிலும் அப்பிக்கொண்டார். பார்வை தெளிந்தபோது சங்கிலி சேற்றுக்குள் புதைந்திருந்தது.

சரி, தூக்கிக்கொண்டு நடப்போம் என்று சைக்கிளைத் தோளில் ஏற்றினார். பைகளோடு அது ஒரு கன்றுக்குட்டியின் கனம் கனத்தது. அடிக்கு அடி ஷூவில் மண் ஏறி, ராய்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக உயரமாகிக்கொண்டே போனார். ஷூவைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, சேறு இல்லாத ஓரத்துப் புல்லில் சைக்கிளை உருட்டினார். புல் மெத்தென்று இருந்தது. "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்," என்று வாய்விட்டுச் சொன்னார்.

சொல்லி வாயை மூடுவதற்குள் நெருஞ்சி முள் குத்தியது. இரண்டு காலிலும் குத்தியது. இரண்டு சக்கரத்திலும் குத்தியது. காற்று இறங்கும் சத்தம், யாரோ அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவதுபோல் கேட்டது.

உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் நாய் வந்தது. கென்டக்கி நாய்கள் தூரத்திலிருந்தே குரைத்துக்கொண்டு வரும். அவற்றுக்காகவே ராய்ஸ் கழுத்தில் ஒரு ஊதல் தொங்கவிட்டிருந்தார். இந்த நாய் கொஞ்சம் நாகரிகமானது. சத்தமே போடாமல் வந்து, கைப்பிடியிலிருந்த வலது ஷூவை மெதுவாக உருவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

"டேய்! குடுடா!"

நாய் ஓட்டம் பிடித்தது. ராய்ஸ் ஊதலை ஊதிக்கொண்டே, இரண்டு சக்கரமும் சப்பையான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நொண்டினார்.

ஓட்டம் ஒரு பண்ணை வீட்டில் போய் முடிந்தது. அங்கே ஆல்வின் உன்ரூ என்ற பண்ணைக்காரர், பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிய ட்ரெய்லரில் கிடாரிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சேற்று உருவம் ஒன்று ஊதலோடு வருவதைப் பார்த்தும் அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"உங்க நாய் என் ஷூவை எடுத்துட்டு வந்துருச்சு."

"டீக்கனா? அவன் அப்படித்தான். தபால்காரர் ஷூ இன்னும் கெடைக்கலை." ஆல்வின் வண்டிக்கு அடியில் குனிந்து, நாயிடம் கொஞ்சிப் பேசி, ஷூவில் மீதி இருந்ததை வாங்கிக் கொடுத்தார். "எங்க போகணும்ணே?"

"ஆரிகன்."

ஆல்வின் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கேவா?"

"இன்னிக்கு ரோடு வேலை முடியற இடத்துக்குப் போய்ச் சேந்தாப் போதும்."

"இந்த வழியா முடியாது. ஓடைப் பாலம் தண்ணிக்குள்ள கெடக்கு. நான் இதுங்களை ஓடையில இன்னும் மேல தள்ளி இருக்கற மேல்பாலம் வழியா மேய்ச்சலுக்குத்தான் கொண்டுபோறேன். ஏறுங்க, அப்படியே நெடுஞ்சாலை முக்குல விட்டுர்றேன்."

"ஏற மாட்டேன். மேல்பாலத்துக்குச் சைக்கிள்ல போக முடியாதா?"

"தாராளமாப் போகலாம். சக்கரம் சுத்துற சைக்கிளா இருந்தா."

ராய்ஸ் தன் சைக்கிளைப் பார்த்தார். ஒட்டுப்போடும் பசையும் மிசௌரியிலேயே தீர்ந்திருந்தது. தன் காலைப் பார்த்தார். அப்புறம் பந்தயத்தை நினைத்துப் பார்த்தார். பந்தயம் என்ன? யார் முதலில் ஏறுகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். மார்லீன் காலையிலேயே ஏறியாயிற்று. அப்படியானால் பந்தயம் முடிந்தே போய்விட்டது. முடிந்துபோன பந்தயத்துக்காக ஒரு மனிதன் சேற்றில் சாக வேண்டுமா? வேண்டும் என்றார், வர்ஜீனியாவில் சக்கரத்தை நனைத்த ராய்ஸ். வாயை மூடு என்றார், காலில் முள் ஏறிய ராய்ஸ்.

ஆனாலும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை மலை, அத்தனை எதிர்க்காற்று, அந்தப் பல்வலி எல்லாவற்றையும் தாண்டி அறுபடாமல் வந்த கோடு இந்த மாட்டுக் கொட்டகை வாசலில் அறுந்தது. வீடு நிலைத்ததே, அது போதும் என்று மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"முன்னாடி உக்காரவா?"

"முன்னாடி டீக்கன் உக்காருவான். யாருக்கும் எடம் விட்டுக்குடுக்க மாட்டான். பின்னாடி ஏறிக்குங்க. கிடாரிங்க ரொம்பச் சாது."

சாதுதான். ஆனால் பயணம் என்றாலே அவற்றுக்கு வயிறு கலங்கும்போலிருந்தது. ஒரு கிடாரி ராய்ஸின் கழுத்து வியர்வையை உப்புக்காக நக்க ஆரம்பித்து, கடைசிவரை நிறுத்தவில்லை. இன்னொன்று அவர் காலின் மேலேயே நின்று பயணம் செய்தது. மேல்பாலத்தில் வண்டி குலுங்கியபோது அவர் விழுந்தார். விழுந்த இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை.

நெடுஞ்சாலை முக்கில் இறங்கியதும் ஆல்வினின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, யாராவது கேட்டா…"

"நான் மூச்சு விட மாட்டேன். கிடாரிங்களும் சொல்லாது."

சாலை வேலை முடியும் இடத்தில், ஒரு மர நிழலில், மடக்கு நாற்காலியில் மார்லீன் உட்கார்ந்திருந்தாள். கையில் குளிர்ந்த எலுமிச்சைச் சாறு. நாற்காலியும் சாறும் அந்தப் பக்கம் பலகை பிடித்து நின்ற லோவெல்லுடையவை. வெள்ளை மீசை வைத்த லோவெல், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்லீன் மூக்கைச் சுளித்தாள். "ராய்ஸ், உன் மேல இருக்கிறதெல்லாம் சேறுதானா?"

"பெரும்பாலும்."

"கடவுளே! கிட்ட வராதே. அங்கயே நின்னு பேசு."

ராய்ஸ் அங்கேயே நின்றார். காலையிலிருந்து மனசுக்குள் ஓட்டிப்பார்த்த காட்சியில் இந்த நாற்றம் இல்லை. இருந்தாலும் பேச்சை விடவில்லை.

"மார்லீன், நான் உன்னைக் கேலி பண்ணப் போறதில்லை. நீ கான்சாஸ் வரைக்கும் மிதிச்சதே பெருசு. வீட்டை விக்கிற பேச்சை மட்டும் இனிமே எடுக்காதே. கோனிகிட்ட வேணும்னா நானே பக்குவமாச் சொல்றேன்."

"அது இருக்கட்டும். நீ எப்படி வந்தே?"

"எப்படின்னா? மிதிச்சுத்தான்."

மார்லீன் சப்பையான சக்கரங்களைப் பார்த்தாள். அவர் தலைக்கவசத்தில் ஒட்டியிருந்த வைக்கோலையும் பார்த்தாள். "இந்தச் சக்கரத்துலயா?"

"கடைசியில கொஞ்ச தூரம், ஒரு பண்ணைக்காரர் மாடு ஏத்திக்கிட்டுப் போனாரு…"

"வண்டியிலயா?"

"ட்ரெய்லர்ல."

"ட்ரெய்லர் ஓடிச்சா?"

"ஓடாம என்ன, பறக்குமா?"

"ஓடினப்ப நீ அதுக்குள்ள இருந்தே."

"என்ன மார்லீன், போலீஸ்காரி மாதிரி கேக்குற? ஆமா, இருந்தேன். மாட்டோட மாடா இருந்தேன். போதுமா? இப்ப அதனால என்ன? நீதான் காலையிலயே ஏறிட்டியே! யார் முதல்ல ஏறினாங்கங்கிறதுதானே பந்தயம்?"

"அதேதான் பந்தயம்," என்றாள் மார்லீன். "லோவெல், இவர் சொன்னது உங்களுக்கும் காதுல விழுந்ததில்ல?"

"நல்லாவே விழுந்ததும்மா."

"அட, இதுக்குச் சாட்சி வேறயா!" ராய்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்தவனின் தாராளத்தோடு லோவெல் பக்கம் திரும்பினார். "சரி, உங்களையே கேக்கிறேன். காலையில உங்க வண்டியிலிருந்து இறங்கினது யாரு? எங்க வீட்டம்மாதானே?"

லோவெல் வாயிலிருந்த விதைத்தோலைத் துப்பிவிட்டு, பலகையை 'மெதுவாக' என்று திருப்பி வைத்தார்.

"வண்டியில வந்தது மஞ்சப் பைங்க மட்டும்தான் சார், நாங்க சாப்பிடறதுக்கு வேலையை நிறுத்தினப்ப, டோரீன்கிட்டக் கேட்டுக்கிட்டு, சுரண்டின ரோட்டுல மூணு மைலும் மிதிச்சேதான் வந்தாங்க இந்தம்மா!"