டிசம்பர் மாதத்துக் கல்லீரல்

படத்தைப் பார்த்து நோயைச் சொல்பவர்கள் உண்டு. படத்தைப் பார்த்ததும் நோயையே மறந்துவிடுபவர்களும் உண்டு. இந்த இரண்டாவது இனத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். படப்பித்தர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்வீடு தீப்பிடித்து எரிந்தால், "வெளிச்சம் என்னமா விழுது பாருங்க!" என்று செல்போனைச் சாய்த்துப் பிடிப்பவர்கள் இவர்களே. இந்த இனத்தின் தலைமகனை ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில் சந்தித்தேன்.

என் அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். அவருடைய கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, விழுந்திருந்தால் எவ்வளவு என்று தெரிய வேண்டியிருந்தது. ஊசியால் ஒரு துணுக்கை எடுத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் எதுவும் ஏற்றாமல் லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். தழும்பாகப் படிந்த கொலாஜன் நார் மட்டும் அந்த ஒளிக்குப் பதில் சொல்லும், திரையில் பச்சையாக மின்னும். திரை இருண்டிருந்தால் ஆளுக்கு நல்லது. பச்சைப்பசேல் என்றிருந்தால் ஆபத்து. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள முடியுமா? முடியும். பச்சை டாக்டரால் முடியும்.

அந்தப் பெயர் அங்கே எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அதில் அவருக்குப் பெருமைதான். விளக்கை அணைப்பார், மூச்சைப் பிடிப்பார், தலையை ஒருபக்கம் சாய்ப்பார், நார் நாலு இழை தெரிந்ததும் "அடடா!" என்பார். திரை இருட்டாக இருந்துவிட்டால் முகம் செத்துவிடும். எங்களுக்கு முன்னால் போன அம்மாளிடம், "மன்னிச்சிடுங்கம்மா, மூணு தடவை தேடிட்டேன், ஒண்ணுமே இல்ல" என்று தழுதழுத்தார். அந்த அம்மாள் தனக்குக் கல்லீரலே இல்லை என்று நினைத்து, வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அத்தானின் படம் திரையில் விரிந்தது. டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு சார் இது? நீங்களா? கையைக் கொடுங்க! என்ன ஒரு பின்னல்! இந்த மூலையில பாருங்க, கொடி மாதிரி ஓடுது!"

அத்தானுக்கு முகமெல்லாம் பல். இருபது வருடம் பேருந்து ஓட்டியும் யாரும் அவரோடு கைகுலுக்கியதில்லை.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் டாக்டர்" என்றார்.

"வருஷா வருஷம் நான் ஒரு காலண்டர் போடறேன். பதினோரு மாசத்துக்கு ஈரல் கிடைச்சிடுச்சு. டிசம்பர்தான் பாக்கி. சார், நீங்கதான் டிசம்பர்!"

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "டாக்டர், இது நல்லதா கெட்டதா? அதைச் சொல்லுங்க."

டாக்டர் விழித்தார். இந்தக் கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "அதெல்லாம்... அறிக்கையில ரெண்டாம் பக்கத்துல மெஷினே போட்டுடும்மா. நான் முதல் பக்கத்தோட சரி."

அக்கா பக்கத்தைப் புரட்டினாள். மூன்றாம் நிலை. நான்குக்கு மேல் நிலை கிடையாது. அறிக்கையை டாக்டர் முன்னால் திருப்பி வைத்தாள்.

"இது குணமாகுமா?"

"உடனே வைத்தியம் பார்த்தா குறையலாம்." சொன்னதும் டாக்டருக்கே தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, குறைஞ்சா பின்னல் கலைஞ்சிடுமே! இன்னும் பெருசா, தெளிவா ஒரு படம் எடுக்கணும். அடுத்த மாசம் புது லென்ஸ் வருது. அதுவரைக்கும் பொறுக்க முடியாதா?"

இதில் வேடிக்கை, அத்தான் யோசித்தார். "ஒரு மாசம்தானே? பொறுத்துக்கலாமே" என்றார்!

அக்கா எழுந்தாள். "காலண்டர்ல பதினோரு மாசமே இருக்கட்டும் டாக்டர். படத்தை நீங்க வெச்சுக்குங்க, ஆளை நான் கூட்டிட்டுப் போறேன்." சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அத்தானை மேல்தளத்துக் கல்லீரல் மருத்துவரிடம் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

அங்கே காத்திருந்த நேரத்தில் அத்தான் சும்மா இருப்பாரா? அறிக்கையின் முதல் பக்கத்துப் படத்தைச் செல்போனில் பிடித்துக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "சூப்பர்", "செம கலர்", "எந்த ஊர் மாமா, காடு மாதிரி இருக்கு?" என்று வந்து குவிந்தன. நாற்பத்திரண்டு இதயங்கள். ஒருவராவது, "உடம்புக்கு என்ன?" என்று கேட்கவில்லை. முதல் இதயம் யாருடையது என்கிறீர்கள்? என்னுடையதுதான். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே போட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் அப்படியில்லை. நல்லது. சின்னதாக ஒரு பரிசோதனை: மூன்றாம் நிலை என்று சொன்னேனே, அந்த இடத்தில் கொஞ்சமாவது நின்றீர்களா, இல்லை டாக்டர் அடுத்து என்ன கூத்தடிப்பார் என்று பார்க்க ஓடினீர்களா? பரவாயில்லை. அத்தான் இப்போது எப்படி இருக்கிறார் என்று இப்போதாவது கேளுங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.